எல் நினோ வந்தால் குரங்கணிக்கு மழையா, வறட்சியா?

2023 ஆகஸ்டில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே மழை ஏமாற்றியது. 1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். அந்தத் தென்மேற்குப் பருவத்தில் கேரளத்துக்கு வரவேண்டிய மழையில் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 17, 18 தேதிகளில், மலைக்குக் கிழக்கே தூத்துக்குடி மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அடுத்து வந்த கோடையில் இடுக்கி ஏலத்தோட்டங்கள் பலவற்றில் செடிகள் நின்ற இடத்திலேயே கருகின.

மூன்றும் ஓராண்டுக்குள் நடந்தவை. அந்த ஓராண்டும் பசிபிக் பெருங்கடலில் எல் நினோ நிலவியது. ஒரே கடல் ஒரு பக்கம் காயவும் மறுபக்கம் கொட்டவும் எப்படிக் காரணமாகும்? விடை தேட நல்ல இடம், இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் குரங்கணி.

முகட்டுக்கு இரு பக்கம்

போடிநாயக்கனூருக்கு மேலே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது குரங்கணி. மேற்கே அரபிக்கடல் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்; கிழக்கே பாக் நீரிணை அதைப்போல இரு மடங்கு தூரம். ஆனி, ஆடியில் வீசும் அரபிக்கடல் காற்று மேற்குச் சரிவிலேயே மழையை இறக்கிவிடும். முகட்டைத் தாண்டி வரும்போது அதில் மிஞ்சியிருப்பது சாரல்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடல் காற்று கிழக்குச் சரிவில் மோதும்போதுதான் இங்கே பெருமழை.

போடிக்காரர்கள் பலருக்கு ஏலத்தோட்டம் முகட்டுக்கு அந்தப் பக்கம், இடுக்கியில். வீடும் மாந்தோப்பும் இலவ மரமும் இந்தப் பக்கம். மேற்கு மழையில் ஏலச்செடி பூத்துக் காய் பிடிக்கும். கிழக்கு மழையில் வீட்டுக் கிணறு ஊறும். ஆக, ஒரே குடும்பத்துக்கு இரண்டு பருவமும் வேண்டும்.

இடம் மாறும் வெந்நீர்

கடலின் மேல்பரப்பில் எங்கே வெதுவெதுப்பான நீர் சேர்கிறதோ, அங்கே காற்று மேலெழும், மேகம் திரளும், மழை பெய்யும். அந்த நீரை இடம் மாற்றுபவை கடல் நீரோட்டங்கள்.

பசிபிக்கில் வழக்கமாகக் கிழக்குக் காற்று வெந்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிவைக்கும். அந்தக் காற்று தளரும் ஆண்டுகளில் வெந்நீர் தென் அமெரிக்கா பக்கம் பரவும். அதுதான் எல் நினோ. மழைமேகங்களும் கூடவே நகர்ந்துவிடுவதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தியாவின் மேல் காற்று மேலெழாமல் கீழிறங்கும். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். 1877-இல் இப்படி மழை பொய்த்தது தாது வருஷப் பஞ்சத்தை இன்னும் கொடியதாக்கியது.

நமக்கு அருகிலும் இப்படி ஓர் ஓட்டம் உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என ஆண்டுக்கு இரு முறை, இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு வேகமான நீரோட்டம் பாயும். 1973-இல் இதை விவரித்த கிளாஸ் விர்ட்கியின் பெயராலேயே இது விர்ட்கி ஓட்டம் எனப்படுகிறது. ஆப்பிரிக்கப் பக்கத்து வெந்நீரைச் சுமத்ராவுக்குக் கொண்டுசேர்ப்பது இதுவே.

சில ஆண்டுகளில் சுமத்ரா பக்கமிருந்து எதிர்க்காற்று வலுக்கும். அப்போது இந்த ஓட்டம் மெலியும், சில சமயம் நின்றே போகும். சுமத்ரா கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். வெந்நீர் மேற்கே தங்கிவிடும். 1999-இல் சாஜி, யமகாட்டா உள்ளிட்டோர் இதற்கு 'இந்தியப் பெருங்கடல் இருமுனை' என்று பெயர் வைத்தார்கள். மேற்கு வெதுவெதுப்பாக இருந்தால் நேர் இருமுனை. கிழக்கு வெதுவெதுப்பாக இருந்தால் எதிர் இருமுனை.

நேர் இருமுனையும் எல் நினோவும் கூடும்போது, ஐப்பசி வாக்கில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று தென்னிந்தியாவின் மேல் குவியும். வடகிழக்குப் பருவமழை வலுக்க அது வழிவகுக்கும். 2023-இல் இரண்டும் கூடியிருந்தன.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 2016-இல் வலுவான எதிர் இருமுனையும், எல் நினோவுக்கு நேர்மாறான லா நினாவும் நிலவின. தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. ஆனால் விதி இறுக்கமானதில்லை. 2021-உம் லா நினா ஆண்டுதான். அந்த நவம்பரில் தமிழகம் நனைந்து தீர்ந்தது. வங்கக்கடலில் அடுத்தடுத்து உருவாகும் தாழ்வு நிலைகள் பெரிய கணக்கை மாற்றிவிடும்.

எது மாறிவருகிறது?

மேலே சொன்ன ஊசலாட்டம் பழையது. ஊசலாடும் கடல்தான் மாறிவருகிறது. புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் ராக்ஸி மேத்யூ கோல் குழுவினர் செய்த ஆய்வின்படி, 1901 முதல் 2012 வரை மேற்கு இந்தியப் பெருங்கடலின் கோடைக்கால வெப்பநிலை 1.2 டிகிரி உயர்ந்திருக்கிறது. நிலம் கடலைவிட எவ்வளவு சூடாகிறது என்பதே தென்மேற்குப் பருவக்காற்றை இழுக்கும் விசை. கடலும் சூடானால் அந்த இழுப்பு தளரும். அதே சமயம் சூடான காற்று அதிக ஈரம் தாங்கும். பெய்யும்போது மொத்தமாகக் கொட்டும்.

தொலைவில் அட்லாண்டிக்கிலும் ஒரு மாற்றம். வெந்நீரை வடக்கே கொண்டுபோய், குளிர்ந்த நீரை ஆழத்தின் வழியே தெற்கே திருப்பும் பெருஞ்சுழற்சி இந்த நூற்றாண்டில் பெரும்பாலும் பலவீனமடையும் என்கிறது ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-இல் தந்த அறிக்கை. அது மிகவும் தளர்ந்தால் வெப்பமண்டல மழைப்பட்டையே தெற்கே நகரும். ஆசியப் பருவமழை மெலியும். 2100-க்குள் அந்தச் சுழற்சி திடீரென நின்றுபோகாது என்றே அந்த அறிக்கை கருதுகிறது.

தோட்டத்துக்கு என்ன பொருள்?

ஏலச்செடி நிழலையும் சீரான ஈரத்தையும் கேட்பது. விடாமல் கொட்டினால் காய் அழுகும். கோடை மழை தவறினால் பூச்சரம் வாடும். ஆண்டு மொத்த மழை சரியாக இருந்தும், அது நாலு நாளில் பெய்து தீர்ந்தால் தோட்டத்துக்குப் பயனில்லை. ஐப்பசி மழையைக் குளத்தில் தேக்கிப் பங்குனி, சித்திரைக்கு வைத்திருப்பதும் நிழல் மரங்களை வெட்டாமல் காப்பதும் அதனால்தான் முன்னைவிட முக்கியமாகின்றன.

இந்திய வானிலை ஆய்வுத் துறை பருவ முன்னறிவிப்பில் எல் நினோவோடு இருமுனையின் நிலையையும் சொல்கிறது. அடுத்த முறை 'எல் நினோ வருகிறது' என்று செய்தி வந்தால், போடியில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: தோட்டத்து மழைக்கா, கிணற்று மழைக்கா?