அலையும் அச்சமும்

கடற்கரையில் பிறந்தவனுக்குக் கடலைக் கண்டு அச்சம் இராது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது உண்மையன்று. அடையாறு ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய ஊரூர்க் குப்பத்தில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்கும் குடும்பம் எங்களுடையது. அதில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நான் பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டு. ஆனாலும் அந்த அலையின் அச்சம் அம்மாவின் வழியாக எனக்கும் வந்து சேர்ந்தது. கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காணாத ஒன்றுக்கு மனிதன் எவ்வாறு அஞ்சுகிறான், அந்த அச்சம் எவ்வாறு தணிகிறது என்பதை அலைச்சறுக்கு என்னும் விளையாட்டை வைத்து இங்கே விளக்க முயல்கிறேன்.

ஒரு பலகையின் மீது நின்று உடையும் அலையில் சறுக்கி வருவதே அலைச்சறுக்கு. டோக்கியோவில் 2021 ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக்கில் இது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. நம் கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அதற்கு முன்பே ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தரத் தொடங்கிவிட்டார். கேரளத்தின் கோவளத்தில் வளர்ந்த ரமேஷ் புதிஹால் 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்றார். இதை மேனாட்டு விளையாட்டு என்று ஒதுக்குவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தொலைவிலேயே நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் நம்மவர்தாம் அலைகளைக் கடந்து சரக்கையும் மக்களையும் கரை சேர்த்தார்கள்.

இவ்விளையாட்டில் மிகக் கடினமான கணம் எது? வளைவதும் துள்ளுவதும் பிறகு வருபவை. செங்குத்தாக எழும் அலையின் உச்சியிலிருந்து கீழே இறங்கும் அந்த முதல் நொடிதான் கடினம். அலையின் உயரம் நீரின் ஆழத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கை எட்டும்போது அலை உடைகிறது. அதாவது ஒன்றரை மீட்டர் அலை சுமார் இரண்டு மீட்டர் ஆழத்தில் உடையும். அவ்விடத்தில் அதன் வேகம் நொடிக்கு நான்கு மீட்டருக்கும் சற்று மேல். கையால் துடுப்புப் போட்டு அந்த வேகத்தை எட்ட முடியாது. மீதி வேகத்தை அலையின் சரிவுதான் தர வேண்டும். ஆகவே பலகையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்தே தீர வேண்டும்.

இங்கேதான் அச்சம் தன் வேலையைக் காட்டுகிறது. கீழே பள்ளம் தெரிந்ததும் உடல் தானாகவே பின்னுக்குச் சாய்கிறது. பின்னால் எடை கூடினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், வேகம் போய்விடும், அலையின் உதடு ஆளைத் தூக்கி எறியும். எதற்கு அஞ்சினோமோ அதையே அச்சம் கொண்டுவந்து சேர்க்கிறது! உள்ளதை உள்ளபடி நம்பிச் சாய்கிறவன் பெரும்பாலும் விழுவதில்லை. பாதியில் மனம் மாறுகிறவனே விழுகிறான்.

மூளைக்குள் அமிக்டலா என்றொரு சிறு பகுதி இருக்கிறது. பாதாம் பருப்பைப் போன்ற வடிவம். ஆபத்து என்று அது கருதிவிட்டால் நாம் சிந்திக்கும் முன்னரே செய்தி பறக்கிறது. சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி அட்ரினலினைக் கொட்டுகிறது. இதயம் விரைகிறது, தசை இறுகுகிறது, மூச்சு மேலோடு நிற்கிறது. புலியைக் கண்டு ஓடுவதற்கு இது நல்ல ஏற்பாடு. பலகை மேல் நிற்பவனுக்கோ இறுகிய முழங்காலும் குறுகிய மூச்சும் இடைஞ்சல்தான்.

இதை வெறும் வீரப்பேச்சால் போக்க முடியாது. 1924 ஆம் ஆண்டு அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலார், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனிடம் ஒரு சோதனை செய்தார். அவன் விரும்பியதை உண்டுகொண்டிருக்கும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். இறுதியில் அவன் முயலைத் தொட்டுத் தடவினான். பின்வந்தோர் மற்றொன்றையும் கண்டார்கள். பழைய அச்சம் அழிந்துபோவதில்லை. அதன் மேல் 'இது ஒன்றும் செய்யாது' என்ற புதிய பாடம் எழுதப்படுகிறது. இடம் மாறினாலோ நாள் பல கடந்தாலோ பழைய எழுத்து மீண்டும் தலைகாட்டும். சென்ற மாதம் துணிந்தவன் இந்த மாதம் நடுங்குவது இதனால்தான். அவனைக் கோழை என்பது அறிவியல் தெரியாதவர் பேச்சு.

கோவளத்தில் எனக்குக் கற்றுத்தந்த அண்ணன் முதலில் நிற்கச் சொல்லித் தரவில்லை. விழச் சொல்லித் தந்தார். தலையை இரு கைகளாலும் மூடிக்கொள்ள வேண்டும். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது ஒரு கை முன்னால் இருக்க வேண்டும். காலில் கட்டிய பலகை தலைக்கு மேலே மிதக்கலாம் அல்லவா? பிறகு நீருக்குள் எண்ணச் சொன்னார். அலை புரட்டும்போது ஒரு யுகம் போலத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் இடுப்பளவு அலையில் நான்கு, ஐந்து வினாடிதான். அமைதியாக இருக்கும் மனிதன் அரை நிமிடம் எளிதாக மூச்சடக்குவான். இந்தக் கணக்கு விளங்கிய நாளில் என் அச்சத்தில் பாதி கரைந்தது. (தனியாக நீருக்குள் மூச்சடக்கிப் பழகுவது மட்டும் கூடவே கூடாது. முன்னறிவிப்பின்றி மயக்கம் வரும்.)

அதன்பின் மணலில் பலகை வைத்து எழுந்து நிற்கும் பயிற்சி, நூறு முறை, இருநூறு முறை. பிறகு உடைந்து நுரையாக வரும் அலை. பிறகு முழங்கால் அளவு, இடுப்பளவு. ஒரு படியில் சலிப்புத் தட்டும்வரை அடுத்த படி கிடையாது. சலிப்புதான் அச்சம் போனதற்கு அடையாளம் என்பது அண்ணனின் கருத்து. பார்வையைப் பற்றியும் ஒன்று சொன்னார்: பள்ளத்தைப் பார்க்காதே, போகப்போகும் இடத்தைப் பார். கண் போகும் பக்கம் தோள் போகும், தோள் போகும் பக்கம் பலகை போகும்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "நாங்க மட்டும் என்ன பண்றோம்? அலைய எண்ணிக்கினு நிப்போம். பெருசா நாலு வரும், அப்பால கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வுல படகத் தள்ளணும். நடுவுல யோசிச்சா போச்சு" என்றார். அலைகள் கூட்டங் கூட்டமாக வருகின்றன என்பதை இயற்பியல் வகுப்பில் நீளம் சற்றே வேறுபட்ட அலைகளின் மேற்பொருந்துதல் என்று படிக்கிறோம். அப்பா அதைப் படிக்காமலே கற்றிருக்கிறார்.

எல்லா அச்சத்தையும் வென்றுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தூண்டில் வளைவுப் பாறைகளின் அருகே அலை எவ்வளவு அழகாக உடைந்தாலும் இறங்கக்கூடாது. அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் நீர் உடையாமல் கலங்கிக் கடலை நோக்கி ஓடினால் அது இழுவை நீரோட்டம். அதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துத்தான் மூழ்குகிறார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் வெளியே வந்துவிடலாம். எலியட்ஸ் கடற்கரையில் மாலைதோறும் நாம் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை வளைவு, 1930 ஆம் ஆண்டு நீரில் தத்தளித்தவரைக் காக்கப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டேனிஷ்காரரின் நினைவுச்சின்னம். சுண்டல் வாங்கித் தின்பவர்களில் எத்தனை பேர் அதை அறிவர்?

அம்மாவுக்கும் பீட்டரின் வைத்தியம்தான் செய்துவருகிறேன். முதலில் மணலில் பயிற்சி செய்வதைக் காட்டினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு அழைத்துச் சென்றேன். கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். வாடைக் காற்று தொடங்கிவிட்டதால் இப்போது கடலில் இறங்குவதில்லை. தை பிறந்து கடல் அடங்கியதும் மீண்டும் அழைத்துப் போக வேண்டும்.