ஜன்னலுக்குச் சட்டம் போடுவது யார் தெரியுமா?

2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப் நினைவிருக்கிறதா? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் வந்ததே, அதேதான்! அதில் விண்டோஸோடு இன்னொரு இயங்குதளமும் இருந்தது தெரியுமா? பாஸ் லினக்ஸ்! டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து, மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த பிள்ளைக்குக் காத்திருந்த அதிசயம் கொஞ்சநஞ்சமல்ல.

பாஸ் லினக்ஸ் திரையில் ஒரு ஜன்னல் திறக்கிறது. மேலே பெயர்ப்பட்டை, சுற்றிச் சட்டம், மூட ஒரு பெருக்கல் குறி. இதையெல்லாம் அந்தந்த மென்பொருளே வரைகிறது என்றுதானே நினைப்போம்? பெரும்பாலும் அப்படி இல்லை! 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம், படம் காட்டுவதையும் விசைப்பலகை, மவுஸ் உள்ளீட்டையும் மட்டும் தான் வைத்துக்கொண்டது. சட்டம் போடுவது, நகர்த்துவது, அடுக்குவது எல்லாம் தனியொரு நிரலின் பொறுப்பு. அதுதான் விண்டோ மேனேஜர். அதை மட்டும் நடுவில் நிறுத்திப் பாருங்கள்: பட்டையும் சட்டமும் மாயமாகும், நீங்கள் தட்டிக்கொண்டிருந்த கடிதம் மட்டும் அப்படியே நிற்கும்! வேறொரு மேனேஜரை ஓட விடுங்கள்: அதே கடிதத்துக்குப் புதுச் சட்டம்! கணினியை அணைக்கவே வேண்டாம். முதன்முதலில் பார்ப்பவர் வாய் பிளக்காமல் இருக்க முடியாது.

1987-இல் டாம் லாஸ்ட்ரேஞ்ச் எழுதிய டி.டபிள்யூ.எம். (twm) என்ற விண்டோ மேனேஜர் இன்றும் ஓடுகிறது தெரியுமா? 2009-இல் வந்த ஐ3 வேறு ரகம். எண்ணூர் துறைமுக யார்டைக் கிரேன் மேலிருந்து பார்த்தால் கன்டெய்னர்கள் கட்டம் கட்டமாகத் தெரியுமே, அப்படி ஜன்னல்களை ஒன்றையொன்று மறைக்காமல் தானே நிரப்பிவிடும். மவுஸையே தொடாமல் நாள் முழுக்க வேலை பார்க்கலாம்! இன்னொன்று, முன்னதன் பெயரைப் போலவே ஒலிக்கும் டி-டபிள்யூ-எம் (dwm): மூலநிரல் 2,000 வரியைத் தாண்டக் கூடாது என்பது அதை எழுதியவர்களின் கட்டுப்பாடு. நிறம் மாற்ற வேண்டுமா? சி மொழி நிரலையே திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். எனக்கு அது பிடித்த பிடிவாதம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஓப்பன்பாக்ஸ் என்ற மேனேஜர்தான் என் சிபாரிசு. பழைய கணினியிலும் பறக்கும். அதன் மெனு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. அதைத் திறந்து கோப்புகள், இணையம், பாட்டு என்று தமிழிலேயே எழுதிச் சேமித்துவிட்டு, ரீகான்ஃபிகர் கட்டளை கொடுங்கள். வெறுந்திரையில் வலது கிளிக் செய்தால், அத்தனையும் தமிழில்!