இரண்டு மருத்துவர்களும் மூன்றாவது கையெழுத்தும்

பொறியியலில் முதுகலை படித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு மனநலக் கல்வியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். லண்டனில் எங்கள் குடும்ப நண்பர் ஒருவர் மனநலச் செவிலியர். பல வருடம் வார்டில் உழைத்த பிறகு மீண்டும் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவருடைய பாடக் குறிப்புகளைச் சும்மா புரட்டப்போய், கீழே வைக்க மனமில்லாமல் படித்தேன்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மனநல மருத்துவமனையில் சேர்க்க டாக்டரின் முடிவு மட்டும் போதாது. 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, 28 நாள் வரை ஒருவரை உள்ளே வைத்து மதிப்பிட அனுமதிக்கிறது. அதற்கு இரண்டு மருத்துவர்கள் பரிந்துரைக்க வேண்டும். அதன் பின், மூன்றாவதாக ஒருவர் நோயாளியை நேரில் கண்டு பேசி விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும். (நெருங்கிய உறவினரும் விண்ணப்பிக்கலாம் என்கிறது சட்டம், நடைமுறையில் அது அபூர்வம்.) இந்த மூன்றாமவர்தான் 'அங்கீகரிக்கப்பட்ட மனநலப் பணியாளர்'.

முன்பு சமூகப் பணியாளர்கள் மட்டுமே இந்த இடத்தில் இருந்தார்கள். 2007இல் சட்டம் திருத்தப்பட்டு, 2008 நவம்பர் முதல் செவிலியர், உளவியலாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆகியோருக்கும் கதவு திறந்தது. மருத்துவர்களுக்கு மட்டும் இடமில்லை, வேண்டுமென்றேதான்.

இதற்கான முதுநிலைப் பயிற்சியில் இவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் உட்காருகிறார்கள். சட்டம், மனித உரிமை, மனநோய்களின் இயல்பு, பிறகு அனுபவசாலி ஒருவரோடு களப்பணி. கட்டாயச் சிகிச்சையை அனுபவித்தவர்களே வந்து பாடம் சொல்வதும் உண்டு. தேர்ச்சி பெற்றாலும் உள்ளூராட்சி மன்றம் அங்கீகரிக்க வேண்டும். அதுவும் ஐந்து வருடத்துக்குத்தான்.

ஏன் சேர்ந்து படிக்க வேண்டும்? 1992 டிசம்பரில் ஃபின்ஸ்பரி பார்க் ரயில் நிலையத்தில் ஜோனதன் ஸிட்டோ என்ற இளைஞரை, ஸ்கிட்ஸோஃப்ரீனியா நோயாளியான கிறிஸ்டோஃபர் க்ளூனிஸ் குத்திக் கொன்றார். முன்பின் தெரியாதவர்கள். 1994இல் வந்த விசாரணை அறிக்கையைப் பார்த்தால், க்ளூனிஸைப் பல மருத்துவமனைகளும் சமூகப் பணியாளர்களும் முன்பே அறிந்திருந்தது தெரிகிறது. யார் கையிலும் முழுக்கதை இல்லை. என் தொழிலிலும் தனித்தனியாகச் சரியாக ஓடும் நிரல்கள் இணைக்கும் இடத்தில்தான் உடையும். ஆனால் அங்கே உயிர் போவதில்லை.

அதனால் ஒன்றுபட்டு வேலை செய்யக் கற்பிப்பதுதான் இந்தப் படிப்பு என்று முதலில் நினைத்தேன். பாதிதான் சரி. எல்லோரும் சீக்கிரம் ஒத்துப்போய்விடுவதும் ஆபத்துதான்; ஒருவருடைய சுதந்திரம் பறிபோகும் விஷயம் இது. இரண்டு டாக்டர்கள் 'சேர்க்கலாம்' என்றாலும், மூன்றாமவர் தன் சொந்தத் தீர்ப்பில் 'வேண்டாம்' எனலாம். சம்பளம் கொடுக்கும் மன்றம்கூட அவருக்கு முடிவைக் கட்டளையிட முடியாது. வேலை போனதா, வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களா, யாராவது இறந்தார்களா, வீட்டிலேயே வைத்துக் கவனிக்க வழியுண்டா என்றெல்லாம் அவர் கேட்க வேண்டும்.

டாக்டர் சொன்னதைச் செய்தே பழகிய செவிலியருக்கு இது லேசில்லை. ஒத்திகைப் பேட்டிகளில் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் தன் கண் டாக்டராக நடித்தவரின் முகத்துக்கே போனது என்றார் நண்பர். எனக்கு அந்தப் படிப்பின் சாரமே அதில் இருப்பதாகப் பட்டது.

நம்மவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஈஸ்ட் ஹாமில் வயதான அம்மாள் ஒருவர் 'முருகன் என்னோடு பேசுகிறான்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். மகன் அதை 'குரல்கள் கேட்கிறதாம்' என்று ஆங்கிலப்படுத்தினால் டாக்டரின் பேனா எந்தப் பக்கம் ஓடும்? உறவினரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்வது பொதுவாகத் தகாது என்று நடைமுறை விதிகள் சொல்வது இதனால்தான். நாற்பது வருடமாக விளக்கேற்றும்போது சொல்கிற வார்த்தையா, போன வாரம் சாப்பாட்டை நிறுத்தியபின் வந்த வார்த்தையா என்று விசாரிக்க வேண்டியவர் அந்த மூன்றாமவர். இரண்டாவது என்றால் கையெழுத்திடவும் வேண்டியிருக்கலாம்.

கையெழுத்திட்டாலும் வேலை முடிவதில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். தனியாக இருப்பவரென்றால் வீட்டுச்சாவிக்கும் வழி செய்ய வேண்டும். பூனை இருந்தால் அதற்கும் ஒரு இடம். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் அந்தப் பொறுப்பையும் மன்றத்தின் தலையில்தான் வைத்திருக்கிறது.