பூட்டிக்கொண்ட மெமரி கார்டு: திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி

குமணன்சாவடியில் இருந்தால் ஒரு வசதி. பூந்தமல்லி, மாங்காடு, திருமழிசை எல்லாமே பக்கம். ஞாயிறு காலையில் வண்டியை எடுத்தால், வெயில் ஏறுவதற்குள் ஏதாவது ஒரு கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பலாம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவை ஆன் பண்ணினால், 'கார்டில் எழுத முடியவில்லை' என்று வந்து நின்றது. அடாப்டருக்குள் போட்டிருந்த 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு.

நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான். அடாப்டரின் ஓரத்தில் இருக்கும் பொத்தானை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டு ஃபார்மட் கொடுத்தேன். படமெல்லாம்தான் ஏற்கெனவே எடுத்து வைத்தாச்சே என்ற நினைப்பு. ஃபார்மட் முடிந்தது என்றது. கார்டைக் கழற்றி மறுபடி போட்டேன். பழைய படங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன!

எரிச்சலோடு ஃபோல்டர்களைத் திறந்து பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. அதில் ஒரு ஃபோல்டர் என் ஹார்ட் டிஸ்கில் இல்லவே இல்லை. எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில் ஒன்றின் தெற்குச் சுவர். அதற்கப்புறம் திருப்பணி நடந்து, அந்தச் சுவர் முழுக்கப் பெயின்ட் ஏறிவிட்டது. திரும்பப் போய் எடுக்க வழியில்லை. என் ஃபார்மட் தோற்றதால்தான் அந்தப் படங்கள் பிழைத்தன.

அன்றிலிருந்து, 'கார்டு லாக் ஆயிடுச்சு, எப்படி எடுக்கிறது?' என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது: 'எந்தப் பூட்டு?' ஏனென்றால் பூட்டு ஒன்றல்ல, ஐந்து வகை.

முதல் வகை, வெளியே தெரியும் பொத்தான். 1999-ல் மட்சுஷிடா (இன்றைய பானசோனிக்), சான்டிஸ்க், தோஷிபா மூன்றும் சேர்ந்து எஸ்டி கார்டை அறிவித்தபோதிலிருந்து இது உண்டு. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், இந்தப் பொத்தானுக்கும் கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கும் மின்தொடர்பே கிடையாது. அது வெறும் பிளாஸ்டிக். கார்டு ரீடருக்குள் இருக்கும் சின்ன சுவிட்சுதான் அதைத் தடவிப் பார்த்து, 'இதில் எழுதக் கூடாது' என்று முடிவு செய்கிறது. பாட்டு கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் தாவாங்கட்டையை உடைத்துவிட்டால் ரெக்கார்ட் ஆகாது, அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி ஆகும் இல்லையா? அதே கதைதான். பொத்தான் உடைந்து விழுந்துவிட்டால் ரீடருக்கு அது பூட்டிய கார்டு. அது இருந்த பள்ளத்தின் மேல் சின்னத் துண்டு டேப் ஒட்டினால் திறந்துவிடும். மைக்ரோ எஸ்டியில் பொத்தானே இல்லை, அடாப்டரில்தான் இருக்கும். அதனால் முதலில் வேறு அடாப்டர், வேறு ரீடர் மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் போடும் பூட்டு. விண்டோஸில் அட்மினாகக் கமாண்ட் விண்டோவைத் திறந்து 'டிஸ்க்பார்ட்' போய், 'லிஸ்ட் டிஸ்க்' கொடுத்து, கார்டைத் தேர்வு செய்து, 'அட்ரிப்யூட்ஸ் டிஸ்க்' என்று கேளுங்கள். இரண்டு வரி கவனிக்க வேண்டும். 'ரீட்-ஒன்லி: யெஸ்' என்றால் இது விண்டோஸ் போட்ட பூட்டு. 'அட்ரிப்யூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' என்றால் போய்விடும். 'ரீட்-ஒன்லி: நோ' என்று சொல்லிவிட்டு, 'கரன்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்: யெஸ்' என்று வந்தால், பூட்டு வன்பொருளில் இருக்கிறது. அந்தக் கட்டளையை நூறு தடவை கொடுத்தாலும் பயனில்லை. டிஸ்க் எண்ணை மட்டும் இரண்டு தடவை சரிபாருங்கள். அவசரத்தில் கார்டுக்குப் பதில் ஹார்ட் டிஸ்கைத் தேர்வு செய்து 'கிளீன்' கொடுத்தால் அது வேறு சோகக் கதை.

மூன்றாவது, கோப்பு அமைப்பு கெட்டுப்போய் வரும் பூட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே கார்டை உருவினால் உள்ளே கணக்கு குழம்பும். லினக்ஸ் அதைப் பார்த்ததும் மேற்கொண்டு கெடாமல் இருக்க, படிக்க மட்டும் அனுமதிக்கும். இதற்கு எஃப்எஸ்சிகே போதும்.

நான்காவது, கார்டின் உள்ளேயே இருக்கும் பூட்டு. சிஎஸ்டி என்ற பதிவேட்டில் இரண்டு பிட் இருக்கின்றன. தற்காலிகப் பூட்டைத் திரும்ப எடுக்கலாம். நிரந்தரப் பூட்டு ஒருமுறை போட்டால் போட்டதுதான். இதோடு பாஸ்வேர்டு பூட்டு ஒன்றும் உண்டு. பழைய நோக்கியா போன்களில் மெமரி கார்டுக்குப் பாஸ்வேர்டு வைத்தவர்களுக்கு நினைவிருக்கும். இதில் எழுதுவது மட்டுமல்ல, படிப்பதும் முடியாது. பாஸ்வேர்டு மறந்துபோனால் கார்டை வலுக்கட்டாயமாக அழித்துத் திறக்கலாம். உள்ளே இருந்தது மொத்தமும் போய்விடும்.

ஐந்தாவதுதான் எனக்கு வந்தது. முதுமைப் பூட்டு. ஃபிளாஷ் மெமரியில் ஒவ்வொரு அறையிலும் எலக்ட்ரான்களை மெல்லிய காப்புப் படலத்துக்குப் பின்னால் அடைத்து வைக்கிறார்கள். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் உயர் மின்னழுத்தம் பாய்ந்து அந்தப் படலம் கொஞ்சம் தேயும். கெட்டுப்போகும் பகுதிகளுக்குப் பதிலாகக் கார்டின் கன்ட்ரோலர் உபரிப் பகுதிகளைக் கொண்டு ஒப்பேற்றும். உபரியும் தீர்ந்ததும் பல கார்டுகள், 'இனி எழுத மாட்டேன், இருப்பதைப் படித்துக்கொள்' என்று நின்றுவிடும். சில கார்டுகள் அதைச் சொல்லக்கூடச் சொல்லாது. எழுதியதாகத் தலையாட்டும், ஆனால் எதையும் எழுதியிருக்காது. ஃபார்மட் ஆன மாதிரி ஆகி, கழற்றிப் போட்டதும் பழைய கோப்புகள் திரும்பி வருவது இதன் அடையாளம்.

இதற்கு வைத்தியம் கிடையாது. திறக்கிறேன் என்று சொல்லும் மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். யோசித்துப் பார்த்தால் இது பூட்டே இல்லை. 'சீக்கிரம் நகல் எடுத்துக்கோ' என்று கார்டு கொடுக்கும் கடைசி அவகாசம். தேய்ந்த அறைகளில் மின்னூட்டம் சீக்கிரம் கசியும் என்பதால், அந்த அவகாசமும் ரொம்ப நாளைக்கு இல்லை.

ஆகவே வரிசை இதுதான். ரீடரை மாற்றிப் பாருங்கள். கார்டு படிக்க முடிகிறதா? வேறு எதையும் தொடாமல் முதலில் முழு நகல் எடுங்கள். படிக்கும்போது பிழை வந்தால், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம் பிடிக்கும் பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். கோப்புகளை மீட்கும் முயற்சியெல்லாம் அந்த நகலின் மேல்தான், கார்டின் மேல் அல்ல. நகலைத் திறந்து பார்த்துச் சரிதான் என்று உறுதியான பிறகு டிஸ்க்பார்ட், ஃபார்மட் எல்லாம். கடைசியாகச் சின்னக் கோப்பு ஒன்றை எழுதி, கார்டைக் கழற்றி மறுபடி போட்டுப் பாருங்கள். அது இருந்தால் கார்டு பிழைத்தது. இல்லையென்றால் அதன் காலம் முடிந்தது.

ஏடு செல்லரிப்பதற்குள் அடுத்த ஏட்டில் பார்த்து எழுதி வைத்தவர்கள் நம் ஆட்கள். நாம் 32 ஜிபி கார்டை நம்பிச் சும்மா இருந்துவிடுகிறோம். இப்போதெல்லாம் படம் எடுத்த அன்று ராத்திரியே இரண்டு இடத்தில் நகல், நகலைத் திறந்து பார்த்த பிறகே கார்டைக் காலி செய்வது என்று வைத்திருக்கிறேன். அந்தப் பழைய கார்டு மேசை டிராயரில் கிடக்கிறது. தெற்குச் சுவரில் இன்னும் நாலு வரி படிக்க பாக்கி.