உங்களுக்குத் தெரியுமா? கோர்ட்டாக மாறிப் பிழைத்த அரண்மனை
சங்கரன்கோவிலில் ரயிலேறி மதுரைக்குப் போகிறவர்கள் அவசியம் பார்க்கவேண்டிய கட்டடம், 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால்.

● திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரை மதுரையிலிருந்து திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதி பிரித்தெடுக்கப்பட்டது. எஞ்சியது சுமார் நான்கில் ஒரு பங்குதான்.

● 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு இதைப் பழுதுபார்க்கச் செய்தார். 1970 வரை மாவட்ட நீதிமன்றம் இங்கே இயங்கியது. பயன்பாட்டில் இருந்ததே கட்டடத்துக்குக் காவல்!

● அந்தச் சீரமைப்பில் பங்கேற்ற ராபர்ட் சிசோம்தான் சென்னைப் பல்கலைக்கழக செனட் மண்டபத்தையும் வடிவமைத்தார். அது 1879-இல் முடிந்தது.

● இதுபோன்ற பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சுண்ணாம்புக்காரை ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவர் உதிரும். பழைய பள்ளியோ மண்டபமோ, சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே புதுப்பியுங்கள்.