மைதானத்துக் கொடியும் மாணவர் குரலும்

ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்களில் இலையுதிர்கால வெள்ளி இரவு பாடசாலை உதைபந்தாட்டத்துக்கு உரியது. நாம் ஊரில் ஆடிய ஆட்டமன்று; தலைக்கவசம் அணிந்து மோதி விளையாடும் அவர்களுடைய ஆட்டம். ஊரே மைதானத்தில் திரளும். ஆட்டம் தொடங்குமுன் நாட்டுக் கொடி கொணரப்படும். தேசிய கீதம் இசைக்கப்படும். எல்லோரும் எழுந்து நிற்பர். அங்கு குடியேறிய நம்மவர் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். பிள்ளை எழ மறுத்தால் என்ன நேரும், வேறொரு கொடியை ஏந்தினால் என்ன நேரும் என்பதை அறிந்திராத பெற்றோரே நம்மிடையே அதிகம். கொடியின் பேரால் வீட்டுக் கதவு தட்டப்படும் நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இது சிறு விடயமாகத் தோன்றாது.

எழ மறுப்பதற்கான உரிமை அங்கு உறுதியானது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுத்தமைக்காகப் பாடசாலைகளிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1940இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பாடசாலையின் பக்கம் நின்றது. மூன்றே ஆண்டுகளில், 1943 ஜூன் 14ஆந் திகதி, மேற்கு வேர்ஜீனியா வழக்கில் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் முடிவை மாற்றிக்கொண்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை அது. அன்றைய நாளோ அந்நாட்டின் கொடி நாள். நாட்டுப்பற்றைக் கட்டாயத்தால் ஊட்டவியலாது என்பது நீதியரசர் ரொபேட் ஜாக்சன் எழுதிய தீர்ப்பின் சாரம்.

இருந்தும் அத்தீர்ப்பு மைதானத்துக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. 2016இல் தொழில்முறை வீரர் கொலின் கேப்பர்னிக் இனப் பாகுபாட்டுக்கு எதிராகக் கீதத்தின்போது முழந்தாளிட்டார். மறு ஆண்டு கலிபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில், சான் பஸ்குவல் பள்ளத்தாக்குப் பாடசாலையின் மாணவன் ஒருவனும் அவ்வாறே செய்தான். கீதத்தின்போது மாணவர் அனைவரும் எழுந்து நிற்றல் வேண்டுமெனக் கல்வி நிருவாகம் விதி வகுத்தது. மாணவன் தரப்பு வழக்காடியது. 2017 டிசெம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது.

மறுப்பதைவிட ஏந்துவது சிக்கலானது. மாணவர்கள் கறுப்புப் பட்டி அணிந்து வியட்நாம் போரை எதிர்த்த வழக்கில் 1969இல் ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டது: பாடசாலையின் பணிக்குக் கணிசமான குழப்பம் விளையும் என்பதற்குத் தக்க ஆதாரம் இருந்தாலன்றி மாணவரின் கருத்தைத் தடுத்தலாகாது. நல்ல விதிதான். ஆனால் குழப்பத்தை விளைவிப்பவர் யார்?

ரென்னசி மாநிலத்துச் சற்றனூகா நகரின் பிரெய்னேட் உயர்பாடசாலை வெள்ளையருக்கென்றே தொடங்கப்பட்டது. அதன் அணிக்குக் 'கிளர்ச்சியாளர்' என்று அன்று பெயர் இருந்தது. அதன் சின்னம், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி. 1966இல் கறுப்பின மாணவர்கள் அங்கு அனுமதி பெற்றார்கள். தம் முன்னோரை விற்று வாங்கியவர்களின் கொடி அசைய, அதன் கீழ் தம் அணிக்கு ஆரவாரம் செய்யவேண்டிய நிலையை எண்ணிப் பாருங்கள். 1969-70 கல்வியாண்டில் மோதல்கள் வெடித்தன. பாடசாலையையே மூட நேர்ந்தது. பின்னர் கொடி கைவிடப்பட்டது. மறு ஆண்டு அக்கொடியை மேலங்கியில் தைத்து வந்த மாணவன் இடைநிறுத்தப்பட்டான். 1972இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை ஏற்றது.

இத்தீர்ப்பில் நாம் மகிழலாம். ஆயின் அதே அளவுகோல் 2010 மே 5இல் கலிபோர்னியாவின் மோர்கன் ஹில் நகரில் எதைச் செய்தது? மெக்சிக்கர் விழா நாளில் அமெரிக்கக் கொடி பொறித்த சட்டை அணிந்து வந்த மாணவர்களை, அவர்கள் தாக்கப்படலாம் என்ற அச்சத்தால், சட்டையை மறுபுறம் திருப்பி அணியுமாறு அல்லது வீடு செல்லுமாறு பாடசாலை பணித்தது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாடசாலைக்கே சார்பாகத் தீர்ப்பளித்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அம்மாணவர்களின் நோக்கம் குறும்பாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் அச்சுறுத்துபவன் கையில் அடுத்தவன் வாயடைக்கும் திறவுகோலைக் கொடுப்பதாகவே இது நமக்குப் படுகிறது. சிறுபான்மையினரே என்றும் அச்சுறுத்தலுக்கு ஆளாகுபவர்கள். நாளை நம் பிள்ளையின் சட்டையையும் 'உன் பாதுகாப்புக்காகவே' என்று கழற்றச் சொல்லலாம்.

மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் 1997இல் வேறொரு தந்திரம் செய்தது. மைதானத்துக்குள் கொடியைத் தடுக்கவில்லை. பாதுகாப்பைக் காரணங்காட்டிக் கம்பைத் தடுத்தது! கம்பில்லாக் கொடி எப்படி அசையும்?

பார்வையாளர் மேடையில் தானாக அமர்ந்திருக்கும் மாணவனின் நிலையும், அணியின் சீருடையில் மைதானத்துள் ஓடிவரும் மாணவனின் நிலையும் ஒன்றல்ல. 2020 செப்ரெம்பர் 11இல் ஒகாயோ மாநிலத்து லிற்றில் மயாமி உயர்பாடசாலை வீரர் இருவர், காவற்றுறையினரையும் தீயணைப்போரையும் நினைவுகூரும் கொடிகளுடன் ஓடிவந்தனர். ஒருவரின் தந்தை காவற்றுறை. மற்றவரின் தந்தை தீயணைப்பு வீரர். முன்கூட்டியே அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். அணியிலிருந்து இடைநிறுத்தப்பட்ட அவர்களைச் சில நாட்களில் பாடசாலை மீளச் சேர்த்துக்கொண்டது. இன்று இக்கொடி என்றால் நாளை எக்கொடி என்ற நிருவாகத்தின் கவலை நியாயமானதே. சீருடையணிந்த அணி பாடசாலையின் வாய். அதன் வழியே எது பேசப்படும் என்பதைப் பாடசாலை தீர்மானிக்கலாம். ஒரு கொடிக்கு வழிவிட்டு மற்றதைத் தடுப்பதே குற்றம்.

இவ்வுரிமைகள் அரச பாடசாலைகளுக்கே பொருந்தும். தனியார் பாடசாலைகள் தம் விதிப்படி நடக்கும். குடியுரிமை இல்லாத மாணவனையும் அரச பாடசாலை இக்காரணத்துக்காகத் தண்டிக்க முடியாது. ஆனால் குடிவரவுத் திணைக்களம் பாடசாலை அதிபரன்று. 2025இல் பல்கலைக்கழக ஆர்ப்பாட்டங்களில் கலந்துகொண்ட வெளிநாட்டு மாணவர்களைப் பிடித்து நாடுகடத்த அரசு முனைந்தது. குடியுரிமையற்றோருக்கும் அதே பேச்சுரிமை உண்டென்று பொஸ்ரன் நகரின் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாண்டு செப்ரெம்பரில் தீர்ப்பளித்தது. அதனிடையே சிலர் வாரக்கணக்கில் தடுப்பு முகாமில் கிடந்தார்கள். அகதி விண்ணப்பம் நிலுவையிலுள்ள குடும்பங்கள், பிள்ளை மைதானத்தில் முழந்தாளிட விரும்பினால் அவனைக் கடிந்து அடக்குமுன் தம் சட்டத்தரணியுடன் ஒருமுறை பேசுதல் நன்று. அவ்வேளை பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.