பிறர் பிள்ளையை வளர்க்கும் தகுதி

செவிலி என்பது நம் பழைய இலக்கியங்களில் அடிக்கடி பயிலும் சொல். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவரும் ஒரே இல்லத்தில் வாழ்ந்தனர்; ஆதலின் செவிலியின் தகுதியை ஆராய அயலார் எவரும் வரவில்லை. ஆனால், பெற்றோரால் பேண இயலாத ஒரு குழந்தையை, அக்குழந்தை கண்டறியாத வேறொரு குடும்பத்திடம் அரசாங்கமே ஒப்படைக்க நேரும்போது, ‘இவர்களை நம்பலாமா?’ என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்கு இங்கிலாந்து எவ்வாறு விடை கண்டது என்பதை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். தத்தெடுத்தல் வேறு, வளர்ப்புப் பொறுப்பேற்றல் வேறு. தத்துப் பிள்ளை சட்டப்படி நம் பிள்ளையே ஆகிவிடுகிறது. வளர்ப்புப் பிள்ளை அவ்வாறன்று. அது ஓரிரவு மட்டும் தங்கலாம். பல ஆண்டுகளும் தங்கலாம். பெற்றோர் நிலை சீர்பட்டால் அவர்களிடமே திரும்பிச் செல்லலாம். உணவூட்டிப் பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் இரவுகளில் கண்விழிப்பவர் வளர்ப்பவரே. ஆயினும் பெற்றோருக்குரிய சட்ட உரிமை அவருக்கு இல்லை.

1944ஆம் ஆண்டில், வேல்ஸ் நாட்டு நியூபோர்ட் நகராட்சியின் பொறுப்பில் இருந்த டெனிஸ் ஓநீல் என்ற சிறுவனும் அவன் தம்பியும், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் மின்ஸ்டர்லி ஊரை அடுத்த ஒரு பண்ணை வீட்டில் விடப்பட்டனர். 1945 ஜனவரி 9ஆம் நாள் டெனிஸ் இறந்தான். அவனுக்கு வயது 12. அரைப் பட்டினியும் அடியும் அவன் உடலை மெலிவித்திருந்தன. பண்ணைக்காரரும் அவர் மனைவியும் தண்டனை பெற்றனர். அரசாங்கத்தின் சார்பில் விசாரித்த சர் வால்டர் மாங்க்டனின் அறிக்கை வேறொரு குற்றத்தையும் வெளிப்படுத்தியது. பிள்ளைகளை அனுப்பிய ஆட்சி மன்றமும், அவர்கள் சென்று சேர்ந்த வட்டாரத்தின் மன்றமும் மேற்பார்வைப் பொறுப்பில் தெளிவின்றி இருந்தன. டிசம்பரில் நேரில் சென்று கண்ட அலுவலர் ஒருவர், சிறுவர்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்றே அறிவித்தார். அகற்றுவதற்குள் காலம் கடந்துவிட்டது.

வானொலிக்கும் இந்நிகழ்ச்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. இதனை அடியொற்றி அகதா கிறிஸ்டி எழுதிய சிறு நாடகம் 1947இல் பி.பி.சி. வானொலியில் ஒலிபரப்பாயிற்று; 1952இல் லண்டன் மேடையேறிய ‘மௌஸ்டிராப்’ அதன் விரிவே. மர்ம நாடகம் என்று அதனைச் சுவைத்தோருள் எத்தனை பேர் அந்தச் சிறுவனை அறிவார்களோ!

1946இல் மைரா கர்ட்டிஸ் அம்மையார் தலைமையிலான குழு தன் அறிக்கையை அளித்தது. 1948இல் குழந்தைகள் சட்டம் பிறந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் இப்பிள்ளைகளுக்கென்றே ஓர் அதிகாரி ஏற்பட்டார். அதன் பின் பல சட்டங்கள் வந்தன. ஒப்புதல் பெறும் முறையை விரிவாக வகுத்தவை 2011ஆம் ஆண்டின் விதிகள்.

அவ்விதிகளின்படி ஆய்வுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதற் கட்டம் எளிதில் விளங்குவது: உடல்நலம், வீட்டின் வசதி, குற்றப் பதிவு ஏதும் உண்டா என்பது, நன்கறிந்தோர் கூறும் சான்று ஆகியன. வீட்டில் வாழும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரைப் பற்றியும் குற்றப் பதிவு பார்க்கப்படும். மணமாகாதவரும் விண்ணப்பிக்கலாம், வாடகை வீட்டாரும் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாம் கட்டமே பலரைத் திகைக்க வைப்பது. சமூகப் பணியாளர் ஒருவர் பன்முறை வீட்டுக்கு வருகிறார். உங்கள் இளமை எப்படிக் கழிந்தது? தவறு செய்தபோது உங்கள் தந்தை என்ன செய்தார்? கணவன் மனைவியரிடையே பூசல் வந்தால் எப்படித் தீரும்? நெருங்கியவரை இழந்த துயரை எவ்வாறு தாங்கினீர்கள்? இவ்வாறெல்லாம் வினவுகிறார். ‘உதவ வந்தவரிடம் இத்தனை துருவலா?’ என்று சினம் எழுவது இயல்பே. ஆனால் வரப்போகும் குழந்தையை எண்ணிப் பாருங்கள். பசியை அறிந்த குழந்தை ரொட்டியைத் தலையணைக்கடியில் ஒளிக்கும். அடிபட்ட குழந்தை, அன்பு காட்டும் கையையும் தட்டிவிடும். அப்போது வளர்ப்பவரின் பழைய புண்ணும் விழித்துக்கொள்ளக்கூடும். துன்பமே காணாதவரை இவ்வாய்வு தேடவில்லை. தம் துன்பத்தை அறிந்து அடக்கியாளத் தெரிந்தவரையே தேடுகிறது. இத்துருவல் வேண்டியதே என்பது என் எண்ணம்.

ஆய்வறிக்கையை ஒரு குழு பரிசீலித்துப் பரிந்துரைக்கும். இறுதி முடிவு பொறுப்பதிகாரியுடையது. தகுதியற்றவர் எனக் கருதப்பட்டவர் 28 நாட்களுக்குள் தம் வாதத்தை எழுதலாம்; அல்லது தனித்தியங்கும் மறு ஆய்வுக் குழுவை நாடலாம். ஒப்புதல் பெற்றவர் கையெழுத்திடும் உடன்பாட்டில், குழந்தையை அடித்துத் தண்டிப்பதில்லை என்ற உறுதியும் அடங்கும். ஒப்புதலும் என்றென்றைக்கும் உரியதன்று; அது காலந்தோறும் மறுபரிசீலனைக்கு உட்படும்.

குழந்தை வந்து சேர்ந்த பின்னரும் சமூகப் பணியாளர் குறித்த கால இடைவெளியில் அவ்வீட்டுக்கு வருவார். வளர்ப்போர் தரும் தேநீரை அருந்திவிட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு திரும்பினால் மட்டும் போதாது. குழந்தை மறுத்தாலன்றி, அதனைத் தனியே கண்டு பேச வேண்டும் என்பது விதி.